நான்காவது துளை

கிங்ஸ்பரி
14 ஜனவரி 2025

ரதீசன் அண்ணாவுக்கு,

அனுப்புபவரின் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே எறிந்துவிடுவீர்களோ என்று பயந்து உறையின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. நான் பிறேமினி, கிருசாந்தனின் மனைவி. உங்களுடைய குரோய்டன் விலாசத்தைச் சற்குணம் அக்காவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவருடன் கோபிக்க வேண்டாம். எங்கள் இருவரின் இலக்கங்களையும் நீங்கள் போனில் மறித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

கிருசாந்தன் அந்தக் கப்ரியைத் திரும்பவும் கட்டுகிறார். பதினாறு மாதங்களுக்கு முன் ஓட்டப் பாதையின் மதிலில் அடித்து அவருடைய தொடை எலும்பை முறித்த அதே கார். வெம்பிளியில் ஒரு கராஜில் உடலை நிமிர்த்தி எடுத்துவிட்டார்கள். எஞ்சின் இருக்கிறது. இனிப் பின் அச்சை எதில் பூட்டுவது என்பதுதான் மிச்சம். மே பத்தாம் திகதி நடக்கிற சோதனை ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு மேசை முழுவதும் அவர் கீறிய படங்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். மூன்று வழி இருக்கிறதாம். ஒன்று, 1973இல் கார் செய்தபோதே இருந்த தகட்டு ஸ்பிரிங். அடுத்தது நீங்கள் செய்து பூட்டிய லாடர் பார், ஏணியைப் போன்ற இரண்டு நீட்டுச் சட்டங்கள். மற்றது நாலு தடிகளால் அச்சைப் பிடிக்கிற ஃபோர் லிங்க். அவருடைய மனம் ஃபோர் லிங்கில் நிற்கிறது. பழசொன்றைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தகடு முழுக்கத் துளைகள். எண்ணிப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் மட்டும் இருபத்திரண்டு.

"எந்தத் துளையில பூட்டுறது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அதுதானே விளையாட்டு," என்றார்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஒரு லென்ஸ் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலே ஆளுக்குத் தலை சுற்றும். இருபத்திரண்டு துளைகளை விளையாட்டாக எடுக்க என்னால் ஏலாது. மறித்துப் பார்த்துத் தோற்றுவிட்டேன். அவர் ஓடத்தான் போகிறார். எதைப் பூட்டினால் உயிரோடு இறங்குவார் என்று மட்டும் சொல்லுங்கள். பதிலைக் கடை விலாசத்துக்குப் போடுங்கள். கீழே எழுதியிருக்கிறேன்.

பிறேமினி


குரோய்டன்
23 ஜனவரி 2025

பிறேமினிக்கு,

நீர் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. உமது கடிதம் மூன்று நாள் என் சட்டைப் பையில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் கிருசாந்தன் கண் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னது உமக்கும் கேட்டது. நீர் கட்டிலின் மற்றப் பக்கம் நின்றீர். "உன்ர ஒட்டு விட்டிட்டுதாம் மச்சான். வலப்பக்கம் கழண்டதை எல்லாரும் பாத்தவையாம்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நின்று சண்டை பிடித்திருப்பேன். இருபது வருடச் சிநேகிதத்தில் அவன் என்னோடு அவ்வளவு மெதுவாகக் கதைத்ததே இல்லை. வெளியே வந்தேன், பிறகு திரும்பவில்லை.

அவன் சொன்னதை நான் நம்பினேன். ஓட்டத்துக்கு முதல் வாரம் லாடர் பாரைக் காரோடு பிடிக்கிற வலப்பக்கத் தகட்டைக் கழற்றி, வெல்டிங் செய்து திரும்ப ஒட்டியவன் நான். அன்று எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது இங்கே ஒரு பட்டறையில் படிக்கட்டுக் கைப்பிடிகள் செய்கிறேன். ஆட்கள் ஏறி ஓடுகிற எதையும் ஒட்டுவதில்லை. முதலாளி ட்ரெய்லர் வேலை தந்தால் மற்றவனிடம் தள்ளிவிடுவேன்.

கேட்டதற்குப் பதில். கார் புறப்படும் கணத்தில் எஞ்சினின் முழுப் பலமும் பின் அச்சை முறுக்கும். தகட்டு ஸ்பிரிங் அந்த முறுக்கில் வளைந்து சில்லைத் துள்ளவைக்கும், அவனுடைய எஞ்சினுக்கு அது தாங்காது. லாடர் பார் அச்சை இறுக்கிப் பிடித்து, முன்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு போல்ட்டில் தாங்கும். மாற்றிப் பார்க்க அதில் அதிகமில்லை. நேராகப் போகும். ஆனால் அந்தப் போல்ட்டையும் அதைப் பிடிக்கிற தகட்டையும் நம்பித்தான் எல்லாம். ஃபோர் லிங்க் சரியாகப் பூட்டினால் மூன்றிலும் கெட்டி. பிழையாகப் பூட்டினால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும்.

எதைத் தெரிவு செய்வது என்று என்னைக் கேட்காதேயும். முதல் தரம் தெரிவு செய்தது நான்தான்.

ஒன்று மட்டும். முறிந்த அந்தத் தகடு எங்கே? அம்புலன்சுக்குப் பின்னால் நான் ஓடிவிட்டேன். அதைக் கடைசிவரை பார்க்கவில்லை.

ரதீசன்


கிங்ஸ்பரி
3 பெப்ரவரி 2025

ரதீசன் அண்ணா,

எழுதியதற்கு நன்றி. தகடு இல்லை. வெம்பிளிக் கராஜில் பழைய இரும்போடு கொண்டுபோய்விட்டார்கள்.

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் கடையின் பின்னறையில் வாசித்தேன். காய்ச்சலோடு ஒட்டினேன் என்று எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அதன்பின் வந்த பெண்ணுக்கு ஃபிரேமை மூன்று தரம் அளக்க வேண்டி வந்தது.

அவர் ஃபோர் லிங்கைப் பூட்டத் தொடங்கிவிட்டார். கால் இன்னும் முழுதாக மடங்காது. காரின் அடியிலிருந்து எழும்புவதற்கு என் தோளைப் பிடிப்பார். நேற்றும் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டேன்.

"எப்பிடிப் பூட்டுறியள்?"

"மேல் தடியை முன்னுக்குப் பதிச்சு, கீழ்த் தடியை முன்னுக்கு உயத்தி. அப்பதான் ரயர் நிலத்தைக் கடிக்கும்."

"கூடக் கடிச்சா?"

"கூடக் கடிக்கிறது எண்டு ஒண்டில்லை, பிறேமினி."

இது சரியா அண்ணா? அவருக்கு உற்சாகம் வந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்படும்போது பாட்டுப் படிக்கிறார். இவ்வளவு காலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பாட்டு எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மேசையில் கிடக்கிற படங்களைத் திரும்பவும் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

பிறேமினி


குரோய்டன்
12 பெப்ரவரி 2025

பிறேமினிக்கு,

சரியில்லை.

அந்த இரண்டு தடிகளின் வழியே முன்னுக்கு நேர்கோடு கீறினால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடம் அச்சுக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ, அவ்வளவு பலமாக ரயர் நிலத்தில் அடிபடும். அடிபட்டால் துள்ளும். துள்ளினால் ஒரு சில்லு பிடிக்கும், மற்றது பிடிக்காது. அவன் எல்லாவற்றையும் கிட்டக் கிட்டக் கொண்டுவருகிறான்.

கண்ணாடிக் கடையில் மில்லிமீற்றர் அளந்து பழகியவர் நீர். ஒவ்வொரு போல்ட்டின் நடுவும் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்பும். அவன் இல்லாத நேரம் பார்த்து அளவும்.

அவன் எப்போதும் இப்படித்தான். நான் லாடர் பாருக்குத் தகடு வெட்டினபோது மூன்று துளை போட்டேன். "இன்னும் ஒண்டு மேல போட்டுத் தா மச்சான், இன்னும் கடிக்கும்" என்று வாரக்கணக்காகக் கேட்டான். மேலே இடமில்லை, விளிம்பு கிட்ட, கிழிந்துபோகும் என்று சொல்லி மறுத்தேன். அந்த ஒரு விஷயத்திலாவது நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஒட்டில் பிழைவிட்டவனுக்கு அது என்ன ஆறுதல்.

ரதீசன்


கிங்ஸ்பரி
2 மார்ச் 2025

ரதீசன் அண்ணா,

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை ஐந்தாவது தரமாக எழுதுகிறேன்.

நான்காவது துளை இருக்கிறது.

விபத்து நடந்த அன்று காலையில் ஓட்டப் பாதை அதிகாரிகள் காரைப் பரிசோதித்து அனுமதி ஒட்டிவிட்டுப் போன பிறகு, இரவல் வாங்கிய ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் போனீர்கள். கிருசாந்தன் காரின் அடியில் படுத்துக்கொண்டு துளைத்து, போல்ட்டை அந்தத் துளைக்கு மாற்றினார். நான் பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் அடித்தேன். "ரதீசனிட்டச் சொல்லாதையும், ஓடி முடிய நான் சொல்லுறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தலையில் அடிபட்டதில் அவருக்கு அந்த நாள் முழுவதும் அழிந்துபோய்விட்டது. வீட்டிலிருந்து புறப்பட்டதுகூட நினைவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் உங்கள் ஒட்டு விட்டது என்று நம்பினார். அவர் பொய் சொல்லவில்லை. கட்டிலின் மற்றப் பக்கம் நின்ற எனக்குத்தான் எல்லாம் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

அந்த நிமிடம் பயத்தில் பேசாமல் நின்றேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் போனபின் நான் விளங்கிக்கொண்டது என்னவென்றால், நீங்கள் இல்லாவிட்டால் அவருக்குக் கார் கட்ட ஆளில்லை. கார் இல்லாவிட்டால் அவர் என்னோடு இருப்பார். அதற்குப் பிறகு நான் பேசாமல் இருந்தது பயத்தினால் அல்ல. தெரிந்துதான் இருந்தேன்.

தகட்டை யாரும் கொண்டுபோகவில்லை. கராஜில் வெட்டியெடுத்த பழைய இரும்புப் பெட்டிக்குள் கிடந்ததை நான்தான் எடுத்து, அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்குத் தபாலில் போடுகிறேன். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே 4.6 மில்லிமீற்றர். அந்த இடத்தில்தான் கிழிந்திருக்கிறது. உங்கள் ஒட்டு சுற்றிவர அப்படியே இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. சோதனை ஓட்டத்துக்கு இன்னும் பத்துக் கிழமை கூட இல்லை.

பிறேமினி


குரோய்டன்
9 மார்ச் 2025

பிறேமினிக்கு,

பொதி வந்தது. பட்டறை மேசையில் வைத்துப் பிரித்தேன். கோபாலகிருஷ்ணன் என்று எங்கள் மேற்பார்வையாளர், நாற்பது வருடமாக இரும்போடு இருக்கிறவர். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டு ஆர் செய்தது?"

"நான்."

"துளை?"

"நானில்லை."

"அது தெரியுது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வெளியே ட்ராம் தரிப்பில் போய் இருந்தேன். எத்தனை ட்ராம் போனதென்று தெரியாது. பதினெட்டு மாதமாக நான் என் கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், பிறேமினி. ஒரு கைப்பிடியை ஒட்டிவிட்டு அதில் என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்ப்பேன். பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பேன். மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். இதையெல்லாம் நீர் அலுமாரிக்குள் வைத்திருந்தீர்.

மேலே எழுதினால் தகாத வார்த்தை வரும்.

உமது அளவுகளைப் பார்த்தேன். அப்படியே ஓடினால் முதல் இருபது மீற்றருக்குள் முன்சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டுவிடும். கையில் ஸ்டியரிங் இருந்தும் பிரயோசனமிருக்காது. நீர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பழி தீர்க்கிறேன் என்று நினைப்பான். நீர் சொல்லும்.

ரதீசன்


கிங்ஸ்பரி
24 மார்ச் 2025

ரதீசன் அண்ணா,

சொல்லிவிட்டேன்.

பதினாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் கராஜுக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் இருக்கச் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"நான்தான் துளைச்சனானோ?"

"ஓம்."

"நீர் டோர்ச் பிடிச்சனீரோ?"

"ஓம்."

"அவன் இவ்வளவு காலமும்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கேட்டார், "எனக்கு இது ஏன் ஞாபகமில்லை? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், ஒண்டும் வருதில்லை."

என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். கராஜ் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தார். அன்றிலிருந்து கராஜுக்குப் போகவும் இல்லை. வேலையால் வந்து சப்பாத்தோடு சோபாவில் இருக்கிறார். மேசையில் இருந்த படங்களைச் சுருட்டிக் கட்டிவிட்டார். ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். "இறுக்கமாத்தான் இருக்கு" என்றார்.

கார் நின்றுவிட்டது. நான் கேட்டது இதைத்தான். கிடைத்திருக்கிறது. இப்போது வீட்டுக்குள் போகவே பயமாயிருக்கிறது. கடை பூட்டியபின் வெம்பிளிவரை நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அவருக்கு ஒரு வரி எழுதுவீர்களா? நான் கேட்க உரிமையில்லாதவள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பிறேமினி


குரோய்டன்
7 ஏப்ரல் 2025

பிறேமினிக்கு,

எழுத வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவனே வந்தான். உமக்குச் சொன்னானோ தெரியாது.

பட்டறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. நான் முகமூடியைக் கழற்றிவிட்டுப் போனேன். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் நிற்பதை நான் பார்க்கவில்லைத்தானே.

"நான் உன்னட்ட ஒண்டும் கேட்டு வரேல்லை," என்றான். "பாக்கத்தான் வந்தனான்."

"பாத்திட்டியோ?"

"ஓம்."

"அப்ப உள்ளுக்கு வா. தேத்தண்ணி குடி."

உள்ளே வந்து அந்தத் தகட்டைக் கையில் எடுத்தான். கிழிந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அழுதான். என்னோடு வேலை செய்கிறவர்கள் மெசினைப் போட்டுச் சத்தமாக்கிவிட்டார்கள், எனக்குச் சங்கடம் வராமல். அதற்குப் பிறகு நாங்கள் பழையதைக் கதைக்கவில்லை. காரைப் பற்றித்தான் கதைத்தோம்.

விற்கலாம் என்றான். மனதிருந்தால் வில் என்றேன். பயத்தில் விற்காதே, பிறகு வேறெதையாவது வாங்கி இதைவிட விசர்வேலை செய்வாய் என்றேன். அவன் தகட்டை மேசையில் வைத்துவிட்டு, "நீ எண்டா என்ன பூட்டுவாய்?" என்று கேட்டான். இருபது வருடத்தில் என்னிடம் அவன் அப்படிக் கேட்டது முதல் தரம்.

லாடர் பார்தான். அவனுடைய எஞ்சினுக்கும் பதினொரு செக்கன் ஓட்டத்துக்கும் அதற்கு மேல் தேவையில்லை. தகட்டைப் பத்து மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுகிறேன், ஒரு துளையோடு. எனக்குக் கை நடுங்கும் என்று நினைத்தேன். நேற்று இடப்பக்கத்தை ஒட்டி முடித்தேன், நடுங்கவில்லை. சில்லுகள் நிலத்தில் நிற்கிற பாரத்தைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் முறுக்கும்போது வலப்பக்கச் சில்லு லேசாகும், அதற்கு முற்கூட்டியே கொஞ்சம் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். அதற்கு அவன் இங்கே காரைக் கொண்டுவருவான்.

இனி உமக்கு. அவனை நான் மன்னிக்கத் தேவையே வரவில்லை. அவன் மறந்துபோனான். நீர் மறக்கவில்லை. அதைத் தாண்டி வர எனக்கு இப்போது ஏலாது. எப்போது ஏலும் என்றும் தெரியாது. சும்மா ஒரு வார்த்தைக்காகச் சரி என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஓட்டத்தன்று நான் வரமாட்டேன்.

முன்னுக்கும் பின்னுக்குமாக நாலு போல்ட்டுகளிலும், போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை, புறப்பட முதல் நான் வெள்ளைக் கோடு கீறியிருப்பேன். கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று நீர் பாரும். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது, காரை விடாதேயும். அவன் என்ன சொன்னாலும் விடாதேயும்.

ரதீசன்


கிங்ஸ்பரி
11 மே 2025

ரதீசன் அண்ணா,

கிருசாந்தன் நேற்றே உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

காலையில் மழை தூறியதால் பாதை காய மதியமாகிவிட்டது. அந்த நேரம் முழுவதும் நான் காரின் அடியில்தான் இருந்தேன். நாலு கோடுகளும் நேராக இருந்தன. மூன்று தரம் பார்த்தேன். அவர் ஒரு துளைக்கருவியும் கொண்டுவரவில்லை. கருவிப் பெட்டியைத் தானாகவே திறந்து எனக்குக் காட்டினார். அது எனக்கு வெட்கமாக இருந்தது.

வரிசையில் நிற்கும்போது என்னைக் கூப்பிட்டார். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது.

"பிறேமினி, அண்டைக்கும் நான் இப்பிடித்தான் இருந்தனானோ? பயப்பிட்டனானோ?"

"இல்லை. சிரிச்சுக்கொண்டிருந்தியள்."

"இண்டைக்குப் பயமாக் கிடக்கு."

"அப்ப விடுவமே?"

"இல்லை. சும்மா சொல்லிவைக்கிறன்."

பச்சை விளக்கு விழுந்தது. முன்பக்கம் ஒரு சாண் எழும்பி, பிறகு அப்படியே இறங்கி நின்றது. வலப்பக்கம் இழுக்கவில்லை. நான் மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கும் காருக்கும் இடையில் இருந்த வெளி குறையவே இல்லை. பாதி தூரத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் காலை எடுத்துவிட்டார். மிச்சத் தூரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

நான் ஓடிப்போனபோது பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தார். "எல்லாம் நல்லாத்தான் போனது," என்றார். "பழுது ஒண்டுமில்லை. எனக்குத்தான் ஏலாமப் போச்சு." பக்கத்துக் காரின் ஆட்கள் இரண்டாம் ஓட்டத்துக்கு வரிசை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். "இண்டைக்குக் காணும்," என்று அவர்களுக்குச் சொன்னார். எதற்கும் போதும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வீட்டு வாசலில் ட்ரெய்லரை நிறுத்தியபின், அடுத்த ஓட்டத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். அது யூன் பதினான்காம் திகதி, சனிக்கிழமை. முழுத் தூரமும் ஓடுவாரோ தெரியாது. நீங்கள் பக்கத்தில் நின்றால் ஓடுவார் என்று நினைக்கிறேன்.

தயவுசெய்து போங்கள். கோடுகளை அன்று நீங்களே பார்க்கலாம். அன்று எனக்குக் கடையில் வேலை போடச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டேன். நான் அங்கே இருக்கமாட்டேன்.

பிறேமினி